ஸ்காட்லாந்தில் ஒன்பது நாள்: கோட்டைகளைத் தாண்டி எங்கே போவது?

கேள்வி இதுதான்: "மே மாதம் ஒன்பது நாள் ஸ்காட்லாந்து போகிறோம். அப்பா, அம்மா, மனைவி, 12 வயது மகள். எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி, ஸ்கை தீவு என்று ஒரே மாதிரி இருக்கிறது. எங்களுக்குக் கிராமப்புறமும் அந்த மக்களின் பழைய வாழ்க்கையும் பார்க்க ஆசை. எந்தப் பக்கம் போகலாம், எப்படிப் போகலாம்?"

நான் இன்வர்னெஸ் பக்கம் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலையாகிப் போய்விட்டது. முதல் இரண்டு மூன்று முறை தப்பாகத்தான் காட்டினேன். காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி, ஆறு இடத்தில் இறங்கிப் படம் எடுத்து, ராத்திரி பத்து மணிக்குத் திரும்புவோம். என் பெரியப்பா ஊருக்குப் போனதும், "எல்லாம் பச்சையா இருந்துச்சு, நிறைய ஆடு" என்று மட்டும் சொன்னாராம். தப்பு அவருடையது இல்லை.

அதனால் முதல் ஆலோசனை: ஸ்கை தீவை இந்த முறை விட்டுவிடுங்கள். அழகில் குறை இல்லை. ஆனால் பெயர் பெற்ற இடங்களில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். எடின்பரோவில் ஒன்றரை நாள் போதும். அங்கிருந்து ரயிலில் மூன்றரை மணி நேரத்தில் இன்வர்னெஸ். அங்கே கார் எடுத்துக்கொண்டு, கிழக்கு ராஸ், சதர்லாந்து பகுதியில் மூன்று இரவு. பிறகு அல்லாபூலிலிருந்து ஃபெர்ரி ஏறி லூயிஸ் தீவில் மூன்று இரவு. ஒன்பது நாளுக்கு இதுவே நிறைவு.

ஏன் இந்தப் பக்கம் என்று சொல்கிறேன். வடக்கே காரில் போகும்போது, மைல் கணக்கில் ஒரு வீடு இருக்காது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஆறு, புல்வெளி, ஆடு. எல்லோரும் "ஆகா, மனிதன் கால் படாத இயற்கை" என்பார்கள். உண்மையில் அந்தப் பள்ளத்தாக்குகளில் ஊர்கள் இருந்தன. வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் புல்லுக்கு அடியில் வீட்டுச் சுவரின் அடிவரிசைக் கற்கள் தெரியும். பக்கத்திலேயே வரிவரியாக மேடு பள்ளம் தெரிந்தால், அது ஒரு காலத்தில் உழுத நிலம். ஆள் இல்லாத அந்தக் காட்சிதான் ஸ்காட்லாந்தின் முக்கியமான வரலாறு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் அந்த நிலத்தைப் பார்த்துப் பயனில்லை. பழைய காலத்தில் குலத்தலைவருக்கு வேண்டியது சண்டைக்கு ஆள். அதனால் நிலத்தில் நிறையக் குடும்பங்கள் இருப்பதுதான் அவருக்குப் பலம். 1746 ஏப்ரல் 16-ஆம் தேதி, இன்வர்னெஸ் அருகே கல்லோடன் வெளியில் நடந்த சண்டையில், பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகப் போராடிய ஜாக்கொபைட் படை ஒரு மணி நேரத்துக்குள் தோற்றது; மலைநாட்டுக் குலங்கள் பல அந்தப் படையில் இருந்தன. ஏறக்குறைய 1500 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு ஆயுதம் கூடாது, மலைநாட்டு உடை கூடாது என்று சட்டம் வந்தது. குலத்தலைவர்கள் மெல்ல மெல்ல வெறும் நிலச்சுவான்தார்கள் ஆனார்கள். குடியானவர் கொடுக்கும் வாடகையைவிடச் செம்மறிப் பண்ணைக்காரர் பல மடங்கு கொடுத்தார். அப்புறம் என்ன, ஊர் ஊராகக் காலி செய்தார்கள். கடற்கரையின் பாறை நிலத்துக்கும் கனடாவுக்கும் தள்ளப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். இதை இங்கே 'கிளியரன்சஸ்' என்பார்கள். சொல்லும்போது இன்றைக்கும் குரல் கொஞ்சம் தாழும்.

கல்லோடனுக்கு இன்வர்னெஸிலிருந்து காரில் கால் மணி நேரம். ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். குலப்பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கும். அவை 1881-இல்தான் வைத்தவை.

அடுத்து, நம்மவர்கள் யாரும் தவறவிடக்கூடாத ஓர் இடம். இன்வர்னெஸுக்கு வடக்கே அரை மணி நேரத்தில் அல்னெஸ் என்று சிறிய ஊர். அதன் பின்னால் ஃபைரிஷ் மலை, 453 மீட்டர் உயரம். அடிவாரத்திலிருந்து பைன் காட்டு வழியாக ஏறி இறங்க இரண்டரை மணி நேரம் ஆகும். உச்சியில், சுற்றிலும் ஹெதர் புதரைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில், ஒரு கல் வாசல் நிற்கும். நடுவில் மூன்று வளைவு, இருபுறமும் தூண்கள். அதற்கு அந்தப் பக்கம் கட்டடம் எதுவும் கிடையாது, வாசல் மட்டும்தான். நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் சாயலில் கட்டியது என்கிறார்கள்.

ஆமாம், நம் நாகப்பட்டினம்தான். 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து அந்த ஊரைப் பிடித்த ஆங்கிலேயப் படைக்குத் தலைவர் சர் ஹெக்டர் மன்றோ, இந்த ஊர்க்காரர். அதற்கு முந்தைய ஆண்டு பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நசுக்கியபோது, பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்கு உதவப் போகாமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினாரே, அதே மன்றோ. ஊர் திரும்பினால் எதைக் காட்டுவது? நாகப்பட்டினத்தைக் காட்டினார். 1782-இல் எழுந்தது இந்த வாசல்.

வேலையில்லாமல் தவித்த ஊர் மக்களுக்குக் கூலி கொடுக்கவே கட்டினார் என்று உள்ளூரில் சொல்வார்கள். ராத்திரியில் கற்களைக் கீழே உருட்டிவிட்டு, மறுநாள் மறுபடி சுமக்கச் சொல்லிக் கூலிநாளைக் கூட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. நம்புவது உங்கள் இஷ்டம். ஆனால் செம்மறிப் பண்ணைக்கு நிலத்தை விட்டவர்களில் இதே மன்றோவும் ஒருவர். 1792-இல் இந்தப் பகுதி மக்கள் ஒன்றுகூடி, புதிதாக வந்த ஆடுகளை ஆயிரக்கணக்கில் வளைத்து ஊரைவிட்டே ஓட்டிக்கொண்டு போனார்கள். ராணுவத்தை அனுப்பித்தான் அடக்கினார்கள். அந்த வருடத்துக்கு, மலைநாட்டு மக்களின் பழைய மொழியான கேலிக்கில் 'செம்மறிகளின் ஆண்டு' என்றே பெயர்.

அப்பா அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இந்த மலை வேண்டாம். பாதை நல்ல பாதைதான், ஆனால் தொடக்கத்திலேயே செங்குத்து. அவர்களை அல்னெஸ் கடைத்தெருவில் டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மகளோடு ஏறுங்கள். மேலே நின்றால் குரோமார்ட்டி கடல்கழியும், அதில் நங்கூரம் போட்டு நிற்கும் எண்ணெய்த் துரப்பண மேடைகளும் தெரியும். நாகப்பட்டினத்து வாசல் வழியாக வடகடலைப் பார்க்க வேறு எங்கும் முடியாது.

மறுநாள் கிராய்க் தேவாலயம். ஆர்ட்கே என்ற ஊரிலிருந்து மேற்கே பத்து மைல், ஒற்றைத்தடச் சாலை. அதோடு சாலை முடிந்தது போலத்தான். பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் வரைபடப்படி 1827-இல் கட்டிய எளிய கோயில். ஓர் ஆடம்பரமும் இல்லை. 1845 மே மாதம் பக்கத்துப் பள்ளத்தாக்கான கிளென்கால்வியிலிருந்து வெளியேற்றப்பட்ட எண்பதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தை குட்டிகளோடு இந்தக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் தார்ப்பாயும் கம்பளியும் கட்டித் தங்கினார்கள். உள்ளே போகவில்லை. கிழக்குப் பக்கத்து ஜன்னலின் சின்னச் சின்னச் சாய்சதுரக் கண்ணாடிகளில், வெளியே நின்றபடி, கூரான எதையோ வைத்துக் கீறி எழுதினார்கள்.

அந்த எழுத்து இன்னும் இருக்கிறது. நேராக நின்று பார்த்தால் வெறும் கண்ணாடிதான். தலையைச் சாய்த்து, பின்னால் இருட்டு விழும்படி ஒரு கோணம் பிடித்தால் மெல்லிய வெள்ளைக் கோடுகள் எழும். தேதி இருக்கும், ஊர்ப்பெயர் இருக்கும். ஒன்றில், 'கிளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை' என்று இருக்கும். பொல்லாதவர்கள் என்று அவர்கள் சொன்னது தங்களைத்தான். செய்த பாவத்துக்குத்தான் இந்தத் தண்டனை என்று நினைத்தார்கள் போல. வீட்டில் பேசியது கேலிக், கண்ணாடியில் எழுதியதோ ஆங்கிலம். யார் படிக்க வேண்டும் என்று எழுதினார்களோ! போகிற ஆட்கள் குறைவு என்பதால் அரை மணி நேரம் நீங்கள் மட்டும் இருக்கலாம். மேசையில் வருகைப் பதிவேடு இருந்தால் புரட்டுங்கள். கனடாக்காரர்களின் கையெழுத்து நிறைய வரும்.

இன்னும் வடக்கே போக நேரம் இருந்தால் கோல்ஸ்பி. எல்லோரும் டன்ராபின் கோட்டையின் 189 அறைகளைப் பார்க்கப் போவார்கள். நீங்கள் அண்ணாந்து பக்கத்து மலையைப் பாருங்கள்: முதல் சதர்லாந்து டியூக்கின் பிரம்மாண்டச் சிலை. அவர் மனைவியின் எஸ்டேட்டில்தான் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு முழுவதும் காலியானது. சிலையைத் தகர்க்க வேண்டும் என்று ஒரு கூட்டம், இருக்கட்டும், மறக்காமல் இருக்க உதவும் என்று ஒரு கூட்டம், இன்னும் சண்டை ஓயவில்லை.

சரி, வண்டி ஓட்டுவது. இடதுபக்கம்தான், நம் ஊர் உரிமமும் செல்லும். பெரிய சாலையில் சிரமம் இல்லை. ஒற்றைத்தடச் சாலையில்தான் பழக வேண்டும். எதிரே வண்டி வந்தால், உங்களுக்கு இடதுபக்கம் ஒதுங்கும் இடம் இருந்தால் ஒதுங்குங்கள். வலதுபக்கம் இருந்தால் அதற்கு நேராக உங்கள் தடத்திலேயே நின்றுவிடுங்கள், அவர் ஒதுங்கிப் போவார். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தாலும் ஒதுங்கி வழிவிடுங்கள், அவர் வேலைக்குப் போகிறார். கடக்கும்போது ஒவ்வொரு முறையும் கை தூக்க வேண்டும். தூக்காவிட்டால் குற்றமில்லை, ஆனால் நீங்கள் வெளியூர் என்று தெரிந்துவிடும். ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். இங்கே மக்கள் நிஜமாகக் கோபப்படும் விஷயம் அது ஒன்றுதான்.

காலால் நடப்பதற்கு இங்கே இருக்கும் சுதந்திரம் எங்கள் உறவினர்கள் யாரும் எளிதில் நம்பாதது. 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, யாருடைய நிலமாக இருந்தாலும், பொறுப்போடு நடந்துகொண்டால், நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், ஏரியில் நீந்தலாம், கூடாரம் போட்டு ஓர் இரவு தூங்கலாம். வீட்டைச் சுற்றிய தோட்டம், விளைந்து நிற்கும் வயல் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. வேலிக் கதவு திறந்திருந்தால் திறந்தபடி விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். மே மாதம் குட்டி போட்ட ஆடுகள் இருக்கும், கிட்டே போக வேண்டாம். 'நுழையாதே' பலகைக்குப் பழகிய நமக்கு வேலியில் ஏணிப்படி வைத்து 'வா' என்பது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

மே மாதம் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். மிட்ஜ் என்று ஒரு பூச்சி, கடுகில் பாதிகூட இருக்காது, கூட்டமாக வந்து பிடுங்கி எடுக்கும். அது மே கடைசியில்தான் தலைகாட்டும். ஜூலை, ஆகஸ்டில் வந்திருந்தால் இந்தப் பதில் முழுவதும் அதைப் பற்றியே எழுதியிருப்பேன். லேசாகக் காற்றடித்தாலே அதனால் பறக்க முடியாது, அது ஒன்றுதான் ஆறுதல். மழைக்கு மேல்சட்டை கட்டாயம். குடை காற்றில் நிற்காது.

இப்போது லூயிஸ் தீவு. அல்லாபூலிலிருந்து ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு ஃபெர்ரியில் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இங்கே கேலிக் மொழி இன்னும் கடையிலும் தெருவிலும் காதில் விழும். உள்ளூரில் 'காலிக்' என்பார்கள். ஊர்ப்பெயர்களைப் பிரித்துப் படித்தால் மகளுக்கு நல்ல விளையாட்டு: 'பென்' மலை, 'கிளென்' பள்ளத்தாக்கு, 'இன்வர்' ஆற்றுமுகம். இன்வர்னெஸ் என்றால் நெஸ் ஆற்றின் முகம். ஏரியைக் குறிக்கும் 'லாக்' என்ற சொல்லின் கடைசி எழுத்தை எஃகு என்னும்போது தொண்டையில் உரசுகிறதே, அப்படி முடிக்க வேண்டும். நமக்கு அது வரும். ஆங்கிலேயர்கள்தான் பூட்டாக்கிவிடுவார்கள்.

ஆர்னல் கிராமத்தில் 'பிளாக்ஹவுஸ்' எனப்படும் பழைய கல்வீடு ஒன்றை அப்படியே காத்து வைத்திருக்கிறார்கள். 1960-கள் வரை அதில் குடும்பம் இருந்தது. சுவர் என்பது இரண்டு கல்வரிசை, நடுவே மண் நிரப்பியது. கூரை வேய்ந்து, காற்று தூக்காமல் இருக்கக் கயிற்றில் கல் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஜன்னல் என்று சொல்ல ஒன்றுமில்லை. குனிந்து நுழைந்தால் முதலில் எதுவும் தெரியாது, கண் எரியும். வீட்டுக்கு நடுவே தரையில் பீட் நெருப்பு புகைந்துகொண்டிருக்கும். பீட் என்பது சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாசி மக்கி உண்டான கருமண். மே மாதம் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். சாலையோரம் வெட்டிய தடம் பார்க்கலாம். அந்த வீட்டுக்குப் புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகக் கசிந்து போகும். கரி ஏறிய கூரைப்புல்லைப் பிரித்து வயலுக்கு உரமாகப் போடுவார்கள். மாடும் அதே கூரைக்கு அடியில்தான், சரிவான பக்கத்தில். வெளியே வந்த பிறகும் இரண்டு நாளைக்கு உங்கள் ஸ்வெட்டரில் அந்த வாசனை இருக்கும். என் அத்தை மட்டும், "நம்ம வீட்டு அடுப்படி மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வர மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும்.

நெசவுக்காரரைக் கட்டாயம் பாருங்கள். கம்பளித் துணிக்கு ஹாரிஸ் ட்வீட் என்று பெயர் போட வேண்டுமானால், இந்தத் தீவுகளில் சாயம் ஏற்றி நூற்ற கம்பளி நூலை, இந்தத் தீவுக்காரர், தன் வீட்டில், கையால் நெய்திருக்க வேண்டும். 1993-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் அது. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை, உள்ளே சைக்கிள் மாதிரி மிதிக்கும் தறி. வெளியே பலகை இருந்தால் தட்டிவிட்டு உள்ளே போகலாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள். தறியில் இருக்கும் துணியைத் தொட்டால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். ஆலைக்குத் திரும்பிப்போய்த் துவைத்த பிறகுதான் கடையில் பார்க்கும் மெத்தென்ற ட்வீட் ஆகும். கேள்வி கேட்ட நீங்கள் கோயம்புத்தூர்க்காரர் என்பதால் சொல்கிறேன், நூலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அவர்கள் உங்களை ஒரு மணி நேரத்துக்கு விட மாட்டார்கள்.

ஸ்டோர்னோவே நமக்கு இன்னொரு வகையில் சொந்தம். சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கும் மெக்கன்சி சுவடிகளைத் தொகுத்த காலின் மெக்கன்சி பிறந்தது இங்கேதான், 1754-இல். சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் 1783-இல் சென்னைக்கு வந்தார், பிறகு இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் ஆனார். சொந்தத் தீவில் பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. தெருவில் கேட்டால், எந்த மெக்கன்சி என்பார்கள்; ஊரில் பாதிப் பேர் மெக்கன்சி.

கலனிஷ் என்ற இடத்தில் நிற்கும் பழங்கால நெடுங்கற்களை மாலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள், பேருந்துகள் போயிருக்கும். ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுக்கு முன் நட்டவை. 1857-இல் ஒன்றரை மீட்டர் பீட் அடுக்கைத் தோண்டி எடுத்த பிறகே முழு உயரம் தெரிந்தது.

தீவில் ஞாயிற்றுக்கிழமை வருகிற மாதிரி திட்டமிடுங்கள் என்பேன். மற்றவர்கள் தவிர்க்கச் சொல்வார்கள். ஓய்வுநாள் இங்கே கண்டிப்பு. ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு ஃபெர்ரியே 2009-இல்தான் வந்தது. இப்போது கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். ஒரு முறை நான் அசட்டையாக இருந்து, நாலு பேர் ஒரு நாள் முழுக்கப் பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டோம். அந்த நாளில் கேலிக் ஆராதனை நடக்கும் தேவாலயத்தில் பின்வரிசையில் உட்காருங்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இசைக்கருவி கிடையாது. ஒருவர் பைபிளின் சங்கீதப் பாடலில் ஒரு வரியை எடுத்துக்கொடுப்பார், சபை முழுவதும் அதை ஏந்தும். ஆனால் ஒன்றாக இல்லை. ஒவ்வொருவரும் தன் போக்கில் இழுத்து, வளைத்து, கமகம் போட்டு. அலை மாதிரி மோதி மோதி எழும். எனக்கு மதத்தில் பெரிய பிடிப்பு இல்லை, ஆனாலும் மயிர்க்கூச்செறிந்தது.

கொண்டாட்டமாகவும் ஏதாவது வேண்டும் இல்லையா? 'கேலி' என்று சுவரொட்டி பார்த்தால் போங்கள். நம் கேலி கிண்டலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முன்பு ஒருவர் வீட்டில் கூடிக் கதை சொல்லிப் பாடுவதற்கு அந்தப் பெயர். இப்போது ஊர் மண்டபத்தில் ஃபிடிலும் அக்கார்டியனும் வைத்து ஆடுவது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒருவர் அடி சொல்லிக்கொடுப்பார். தப்பாகத் திரும்பி யார் மேலாவது மோதுவீர்கள், அதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான். மலைநாட்டு விளையாட்டுகள் கோடை முழுவதும் ஊர் ஊராக நடக்கும். மே கடைசியில் இன்வர்னெஸ் ரயில் பாதையிலேயே இருக்கும் பிளேர் அத்தோலில் நடப்பது உங்களுக்குத் தோதுப்படலாம். முழு மரக்கம்பத்தைத் தூக்கி எறிவார்களே, அதில் எவ்வளவு தூரம் என்பது கணக்கில்லை. தலைகீழாகச் சுழன்று எறிந்தவருக்கு நேர் எதிரே பன்னிரண்டு மணி முள் போல விழ வேண்டும்.

எடின்பரோவில் 'உங்கள் குலத்தின் டார்ட்டன்' என்று கட்டம் போட்ட துணி விற்பார்கள். ஒரு குலத்துக்கு ஒரு கட்டம் என்ற ஒழுங்கு பெரும்பாலும் 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்தபோது எழுத்தாளர் வால்டர் ஸ்காட் நடத்திய திருவிழாவுக்குப் பிறகு பரவியதுதான். பிடித்த நிறத்தில் வாங்குங்கள், குலம் கோத்திரம் பார்க்காதீர்கள்.

சாப்பாடு: ஹாகிஸ் என்பது ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்வது, ஆனால் சைவ ஹாகிஸ் எங்கும் கிடைக்கும், ஓட்ஸும் பருப்பும் மிளகுமாக நன்றாகவே இருக்கும். சூப் மட்டும் எதில் கொதிக்கவைத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங் புகழ்பெற்றது, ஆனால் அது ரத்தத்தில் செய்வது; அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விஸ்கி ஆலைக்குப் போனால் வண்டி ஓட்டுபவர் குடிக்கவே கூடாது, இங்கே வரம்பு இங்கிலாந்தைவிடக் குறைவு. ஓட்டுநருக்குச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

தங்குவதற்கு ஓட்டலைவிட, அறையும் காலை உணவும் தரும் பி அண்ட் பி வீடுகள் நல்லது. காலை உணவு மேசையில் அந்த வீட்டம்மாவிடம் பேசினால் பாதிப் பயணம் அங்கேயே முடிந்துவிடும். தாத்தா எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் விரல் நீட்டிக் காட்டுவார்கள்.

முன்பதிவில் ஒரு வரிசை இருக்கிறது. ஃபெர்ரியில் காருக்கான இடம் முதலில். அது மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். அது கிடைத்த தேதியை வைத்து லூயிஸில் வீடு, அதற்குப் பிறகு கார். கார் எடுக்கும்போது தீவுக்குக் கொண்டுபோக அனுமதி உண்டா, கியர் தானியங்கியா என்று இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காற்று பலமாக அடித்தால் ஃபெர்ரி ரத்தாகும். அதனால் தீவிலிருந்து திரும்புகிற நாளுக்கும் விமானத்துக்கும் இடையில் ஒரு முழு நாள் விட்டு வையுங்கள். அந்த நாள் மிஞ்சினால் ஃபைரிஷ் ஏறலாம்.